கதவைத் திருடியவள்

தெருவில் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்திவந்தாள். ஒரே கார், ஒரே ஆசிரியை, வாய் மட்டும் நாலு பேருக்குக் காணும். "பிரேக்கு! பிரேக்கு! காலு எங்க வச்சிருக்கே, கனவுலயா?" என்று காலையில் அவள் போடும் கூச்சலில்தான் பாதித் தெரு கண் விழிக்கும். படிக்க வருகிறவர்கள் எதிரே வரும் லாரிக்குப் பயப்படுவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவளுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். ஆனால் அவளிடம் படித்தவன் சோதனையில் தோற்றதாகப் பேச்சே கிடையாது.

இந்த அக்காவைத்தான் நீதிமன்றம் திருடி என்று எழுதிவைத்திருக்கிறது. சொல்லும்போதே வயிறு எரிகிறது. எரிந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் ஊரில் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

தெருக்கோடியில் பழைய தபால் நிலையம் இருக்கிறது. உயரமான சுவர், அதைவிட உயரமான இரட்டைக் கதவு, உள்ளே ஆட்கள் வரிசையில் நிற்கும் நீளக் கூடம். பழமை, பாரம்பரியம் என்றால் அக்காவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதன் முன்னால் இருந்த முற்றம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. வண்டியைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்தப் பழக்குவதற்கு அவ்வளவு தோதான இடம் அந்த வட்டாரத்திலேயே இல்லை. நிழல் வேறு. தபால்காரர்கள் புதுக் கட்டடத்துக்கு மாறிப்போனபோது அவள் வருத்தப்படவில்லை. இனி சைக்கிள்கள் குறுக்கே வராது என்று சந்தோஷம்தான் பட்டாள்.

கட்டடம் நகராட்சியின் கைக்கு வந்தது. நகராட்சி ஒரு பூட்டைப் போட்டுவிட்டு மறந்துபோனது. மறக்காதவர்கள் திருடர்கள்தான். முதலில் பித்தளைக் கைப்பிடிகள் போயின. அப்புறம் ஜன்னல் கொக்கிகள். ஒரு நாள் பின்னால் எடுக்கும் பாடம் நடந்துகொண்டிருந்தபோது அக்கா கண்ணாடியில் பார்க்கிறாள், பக்கவாட்டில் இருந்த ஒரு ஜன்னல் சட்டத்தோடு காணவில்லை. சுவரில் வாயைப் பிளந்துகொண்டு ஓர் ஓட்டை. ஓட்டிக்கொண்டிருந்தவனை அப்படியே வண்டியில் விட்டுவிட்டு இறங்கி நகராட்சிக்கு நடந்தாள்.

"காலி கட்டடம்தானேம்மா, என்ன போயிடப் போகுது?" என்றார் அங்கே இருந்தவர்.

"ஜன்னல் போயிருக்கு சார்."

"ஜன்னலை வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

காவல் நிலையத்துக்குப் போனாள். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்கள் வந்து புகார் கொடுக்க வேண்டும் என்றார்கள். சாவி நகராட்சியில் இருந்தது. நகராட்சிக்குப் போனால் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார். எத்தனை முறை அலைந்தாலும் கிணற்றில் போட்ட கல்தான். கட்டடத்தைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு அந்த அலைச்சலில்தான் வந்தது. பாசத்தில் வந்ததல்ல, கோபத்தில் வந்தது. கோபத்தில் வந்தது சீக்கிரம் போகாது.

முடி வெட்டும் கடையில் தெருவாசிகள் கூடினார்கள். கடைக்காரன் அவளைவிட இளையவன், அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன். ரொட்டிக் கடை அண்ணன் வந்தார். அக்காவின் கணவரான மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள், மனு கொடுக்கலாம், காவல் இருக்கலாம் என்று.

"வீடு எரியறப்ப மனு எழுதிக்கிட்டு இருப்பீங்களா?" என்று அக்கா வெடித்தாள். "கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கிட்டு வெளியே வருவோம்ல? அதைப் பண்ணுவோம். ஆளுக்கு ஒண்ணு வீட்டுல வச்சுக் காப்பாத்துவோம். என்னைக்கு இந்தக் கட்டடத்துக்கு ஒரு நாதி வருதோ அன்னைக்குத் திருப்பி மாட்டுவோம்."

"அக்கா, யாராவது பாத்துட்டா?" என்றான் முடி வெட்டுகிறவன்.

"பாக்கட்டும். பட்டப்பகல்லதான் எடுக்கணும். ஒளிஞ்சு எடுத்தாத்தான் அது திருட்டு."

அப்படித்தான் எடுத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம், ஊர் பார்க்க. பணம் வாங்கும் இடத்தில் இருந்த பித்தளைக் கம்பித் தடுப்பு முடி வெட்டும் கடைக்குப் போனது. ஆளுயரச் சுவர்க் கடிகாரம் ரொட்டிக் கடைக்கு. கடிதங்களைப் பிரித்துப் போடும் மர அடுக்கு மருந்துக் கடைக்கு. இரட்டைக் கதவு அக்காவின் வீட்டுக்கு. அதோடு ஒரு விதியும் போட்டாள்: எதையும் சும்மா சாத்திவைக்கக் கூடாது, புழங்க வேண்டும். புழங்காத மரத்தில் கரையான் ஏறும், ஓடாத கடிகாரம் ஒரேயடியாக நின்றுபோகும். ஆகவே ரொட்டி அடுப்பில் ஏறியதும் இறங்கியதும் தபால் கடிகாரத்தின்படி. இருமல் மருந்தும் காய்ச்சல் மாத்திரையும் வெளியூர்க் கடிதங்களின் அறைகளில் உட்கார்ந்தன. முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் சட்டையைக் கம்பித் தடுப்பில் மாட்டினார்கள், கடைக்காரனும் நாள் தவறாமல் அதைத் துடைத்து மினுக்கினான்.

கதவுதான் பாடாய்ப் படுத்தியது. அக்காவின் வீட்டுக் கூரையைவிட அது உயரம். நிமிர்த்த முடியாமல் படுக்கையறைச் சுவரோடு பக்கவாட்டில் நிறுத்தினார்கள். இருந்த ஒரே ஜன்னலும் அடைபட்டது. புருஷனும் பெண்டாட்டியும் கட்டிலில் படுத்தால் தலைமாட்டில் அரசாங்கம் நிற்கிற மாதிரி இருக்கும்.

"கல்யாணம் ஆனதுல இருந்து இந்த வீட்டுல எனக்குன்னு இருந்தது ஒரு ஜன்னல்தான்," என்றார் கணவர். "அதையும் அடைச்சிட்டியே."

"காத்து வேணும்னா வாசல்ல போய் உக்காருங்க."

பார்க்க வந்த தங்கை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஊர்ல எல்லாரும் வீட்டுக்குக் கதவு போடுவாங்க. நீ கதவுக்கு வீடு போட்டிருக்கியேக்கா," என்றாள். அக்கா சிரித்தாள். ஆனால் மழைக்காலம் வந்தால் கதவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் அவள் தலைக்கே எண்ணெய் வைப்பாள்.

ஆண்டுகள் ஓடின. ஒரு நாள் செய்தி வந்தது: அரசாங்கம் பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்கிறது, பட்டியலில் ஏறிவிட்டால் எவனாலும் இடிக்க முடியாது. தெருவே துள்ளியது. ஆளுக்கொரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் முற்றத்தைக் கூட்டினார்கள், புல் பிடுங்கினார்கள், கூடத்தைக் கழுவிவிட்டார்கள். எல்லாம் செய்தார்கள். எடுத்துப்போன சாமான்களைத் திரும்பக் கொண்டுவந்து மாட்ட வேண்டும் என்பது மட்டும் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை!

கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் அவர்கள் நிலையிலிருந்து பாருங்கள். தினமும் அந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், தினமும் அந்த அடுக்கில் மருந்து எடுக்கிறார்கள். அவர்களுக்குத் தபால் நிலையம் முழுசாகத்தான் இருந்தது. தெரு முழுக்கப் பரவிக் கிடந்தது, அவ்வளவுதான்.

கணக்கெடுப்பு அதிகாரி வந்த நேரத்தில் அக்கா ஊருக்கு வெளியே ஒருவனுக்கு மேடு ஏறக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதிகாரி கதவில்லாத வாசலைப் படம் எடுத்தார், கடிகாரமில்லாத சுவரைப் படம் எடுத்தார், போய்விட்டார். 'பழமையான கூறுகள் எதுவும் எஞ்சவில்லை' என்று அறிக்கை வந்தது. அது வந்த கையோடு நகராட்சித் துணைத் தலைவர் அறிவித்துவிட்டார், அந்த இடத்தில் கார்களை அடுக்கி நிறுத்தும் மாடிக் கட்டடம் வரும் என்று. நெடுநாளாக அவருக்கு அந்த மனையின் மேல் ஒரு கண்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "திருடன் கிட்டயிருந்து காப்பாத்தினோம், கடைசியில நாமளே எமனாயிட்டோமே! சரி, வாயைப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க. எடுங்க எல்லாத்தையும்!"

மறுபடியும் பட்டப்பகல். முடி வெட்டும் கடையிலிருந்து தடுப்பு கிளம்பியது, ரொட்டிக் கடையிலிருந்து கடிகாரம் கிளம்பியது, மருந்துகளை அட்டைப் பெட்டியில் கொட்டிவிட்டு அடுக்கு கிளம்பியது. இரட்டைக் கதவு பயிற்சி வண்டியின் தலையில் ஏறிக்கொண்டது. அக்கா வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினாள். தச்சர் கீல்களைப் பொருத்திக் கதவைத் தூக்கி நிறுத்தியதும் மருந்துக்கடைக்காரர் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். சத்தமே போடாமல் திறந்தது. அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஜன்னல் கணக்கெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

ஊர் கூச்சல் போட்டதில் அதிகாரி இரண்டாம் தடவை வந்தார். நல்ல மனிதர். உள்ளே நுழைந்தவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அவருக்குப் பின்னால் துணைத் தலைவர் நின்றுகொண்டிருந்தார், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இதெல்லாம் திருட்டுச் சொத்து, கேஸ் போட வேண்டிய விஷயம்" என்று பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தது அக்காவின் காதில் விழுந்தது. பின்னால் வருவதைக் கவனிப்பதுதானே அவள் பிழைப்பு.

"இதையெல்லாம் யார் வச்சிருந்தது?" என்று அதிகாரி கேட்டார்.

முடி வெட்டுகிறவன் வாயைத் திறந்தான். அவன் காலை அக்கா ஓங்கி மிதித்தாள். "நான்தான் சார்."

"கடிகாரத்தையுமா?"

"அதையும்தான்."

"அந்தப் பெரிய மர அடுக்கு?"

"என் வீட்டுலதான்."

"உங்க வீடு அவ்வளவு பெரிசா?"

"மனசுல இடம் இருந்தா வீட்டுல இடம் இருக்கும் சார். நீங்க எழுதிக்குங்க."

அவர் எழுதிக்கொண்டார். கட்டடம் பட்டியலில் ஏறியது, மாடிக் கட்டடம் கனவாகிப்போனது. துணைத் தலைவர் வயிற்றெரிச்சல் தாங்காமல் அந்த வாரமே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்: நகராட்சிக்குச் சொந்தமான கதவு முதலான பொருள்களை இன்னார் திருடி வைத்திருந்தார். ஜன்னல் போனபோது வாங்காத புகார் கதவு திரும்பி வந்தபோது வாங்கப்பட்டது. இதைவிட அநியாயம் உண்டா?

உண்டு. பத்திரிகைக்காரர்கள் வந்து தெருவைப் பாராட்டி எழுதினார்கள். வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று துணைத் தலைவருக்குத் தெரியாதா? உடனே ஒரு விழா அறிவித்தார், பழம்பெருமையைக் காத்த மக்களுக்கு நகராட்சியின் மரியாதை என்று. ஆளுக்கொரு கேடயம். அழைப்பிதழில் முதல் பெயர் அக்காவுடையது. அதே அலுவலகம் கொடுத்த புகாரில் குற்றவாளியும் அவள்தான். அழைப்பிதழையும் நீதிமன்றச் சம்மனையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு நேரே அவர் அறைக்குள் போனாள்.

"ஒரு கையில கேடயம், ஒரு கையில விலங்கா? நான் திருடியா, இல்லே காத்தவளா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார்."

"அது வேற டிபார்ட்மென்ட்டும்மா, இது வேற டிபார்ட்மென்ட்," என்று அவர் புன்னகை மாறாமல் சொன்னார். "புகார் குடுத்தது குடுத்ததுதான். சட்டம் தன் கடமையைச் செய்யும். நீங்க விழாவுக்குக் கண்டிப்பா வந்துடணும்."

அப்போதும் அவள் பெரிதாகக் கவலைப்படவில்லை. அவளுடைய வக்கீலம்மா, நிச்சயம் ஜெயிக்கலாம் என்று சொல்லியிருந்தாள். பட்டப்பகலில் எடுத்துப் பட்டப்பகலில் திருப்பிக் கொடுத்ததை எந்தக் கோர்ட்டும் திருட்டு என்று சொல்லாது. சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. வழக்கு நடக்க வேண்டுமானால் திருட்டுப் பொருள் சாட்சியமாக வேண்டும். கதவையும் மற்றவற்றையும் கழற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், தீர்ப்பு வரும்வரை அவை அங்கேதான் இருக்கும். படம் எடுத்துக் கொடுத்தால் போதாதா என்று வக்கீலம்மா மனு போட்டுப் பார்த்தாள். நகராட்சித் தரப்பு எதிர்த்தது, மனு தள்ளுபடியானது.

அக்கா காவல் நிலையத்தின் பின்பக்கத்தைப் போய்ப் பார்த்தாள். வழக்குப் பொருள்கள் கூரையில்லாத வெளியில் கிடந்தன. மோட்டார் சைக்கிள்கள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. யாருடையதோ ஒரு மர பீரோ, மழையில் ஊறி வெயிலில் வெடித்து, கதவு தனியே, உடம்பு தனியே. அதன் காலைத் தொட்டாள். பொடிப்பொடியாகக் கையோடு வந்தது.

"கேஸ் முடிய எத்தனை காலம் ஆகும்?" என்று வக்கீலம்மாவிடம் கேட்டாள்.

"சொல்ல முடியாதுக்கா. வருஷக்கணக்கா இழுக்கும்."

"இப்பவே முடிக்கணும்னா?"

வக்கீலம்மா தயங்கினாள். "குற்றத்தை ஒத்துக்கிட்டா அன்னைக்கே முடிஞ்சிடும். அபராதம் கட்டிட்டு வந்துடலாம். கதவைத் தொட மாட்டாங்க. ஆனா திருட்டுக் குற்றவாளின்னு பேர் நிக்கும். பயிற்சிப் பள்ளி லைசென்ஸ் போயிடும்."

அன்று வீட்டில் மருந்துக்கடைக்காரர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "பைத்தியமா உனக்கு? ஜெயிக்கிற கேஸை யாராவது தோப்பாங்களா? தப்பு பண்ணாம தப்பை ஒத்துக்கறதாவது! அந்த ஆள் உள்ளுக்குள்ள சிரிப்பான்!"

"சிரிக்கட்டும்."

"உன் பள்ளிக்கூடம்?"

அக்கா வாசலில் நின்ற காரைப் பார்த்தாள். அந்தக் காரை அவள் எவ்வளவு ஆசையாக வாங்கினாள் என்று அவருக்குத் தெரியும். பொம்பளையிடம் எவன் கார் ஓட்டப் படிப்பான் என்று சிரித்த ஊரிலேயே படிக்க ஆட்களை வரிசையில் நிற்க வைத்தவள்.

"நான் ஜெயிச்சிடுவேங்க," என்றாள் கடைசியில். "அது தெரியும். கதவு ஜெயிக்காது."

நீதிமன்றத்தில் நீதிபதி வழக்கைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "குற்றத்தை ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன் ஐயா."

"எதுக்காக எடுத்தீங்க?"

"எவனாவது எடுத்துட்டுப் போயிடுவான்னு எடுத்தேன்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. "அப்படின்னா திருடணும்ங்கற எண்ணம் இல்லையே. நீங்க குற்றத்தை மறுக்கலாம். நான் முறையா விசாரிக்கிறேன்."

"வேண்டாம் ஐயா. விசாரிக்காதீங்க."

"அம்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இது திருட்டு மாதிரி தெரியலை."

"திருட்டுதான் ஐயா!" அக்காவின் குரல் ஏறியது, பிரேக்கு என்று கத்துகிற அதே குரல். "கேக்காம எடுத்தேன். வீட்டுல வச்சுக்கிட்டேன். தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்கினேன். இதுக்கு மேல என்ன வேணும்? திருட்டுன்னே எழுதிக்குங்க. நீங்க விசாரிக்க ஆரம்பிச்சா கதவைக் கழட்டுவாங்க. ஸ்டேஷன் பின்னால போய்ப் பாருங்க ஐயா, அங்க எதை வச்சாலும் மண்ணாயிடும். நியாயம் எனக்கு அப்புறமாக் கிடைக்கட்டும். இல்லே, கிடைக்காமலே போகட்டும். மழை வரப்போகுது."

தன்னைத் திருடி என்று நிரூபிக்க இப்படி மன்றாடிய ஆளை அந்த நீதிமன்றம் அதற்கு முன் பார்த்திருக்காது. நீதிபதி பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். பிறகு எழுதினார். சட்டப்படி எழுதினார், தப்பில்லை. ஆனால் அந்தச் சட்டம் ஜன்னல் களவுபோன அன்று எங்கே தூங்கிக்கொண்டிருந்தது என்று யாராவது அதையும் கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டும்.

விழா கோலாகலமாக நடந்தது. குற்றவாளிக்கு மேடையில் இடமில்லை என்று அவள் பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் துணைத் தலைவர் பெயரைப் போட்டு அவருக்கும் ஒரு கேடயம் கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டார். போக மாட்டோம் என்று முடி வெட்டுகிறவனும் ரொட்டிக் கடை அண்ணனும் அடம்பிடித்தார்கள். அக்காதான் அதட்டி அனுப்பினாள். "போகாம இருந்தா ஏன் போகலைன்னு கேப்பாங்க. வாயைத் தொறந்தீங்கன்னா நாளைக்குப் புதுக் கேஸ் வரும், கடிகாரமும் கம்பியும் ஸ்டேஷன்ல கிடக்கும். வாங்கிட்டு வந்து கடையில மாட்டிக்குங்க." முடி வெட்டுகிறவன் கேடயத்தை வாங்கும்போது அழுதான். உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

பள்ளிக்கூடத்தின் பலகை இறங்கியது, கார் விலைபோனது. இப்போது அவள் மருந்துக் கடையில் உட்கார்ந்து, கொடுத்த மாத்திரையை முழுசாகச் சாப்பிடாதவர்களைத் திட்டுகிறாள்.

மழை கூடிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் கடையை விட்டு அந்தப் பக்கமாக நடந்தாள். தபால் நிலைய வாசலில் நகராட்சி புதிதாக ஒரு காவலரைப் போட்டிருந்தது. வெளியூர் ஆள், அவளைத் தெரியாது. கதவு விரியத் திறந்து கிடந்தது. கீல் பக்கம் மரம் உப்பியிருக்கிறதோ என்று அவள் கையை வைத்துத் தடவினாள்.

"ஏம்மா, கதவைத் தொடாதீங்க!" என்று காவலர் ஓடிவந்தார். "பழங்காலத்துக் கதவு. ஏற்கெனவே எவளோ ஒருத்தி திருடிட்டுப் போய், கஷ்டப்பட்டு மீட்டுக் கொண்டாந்திருக்காங்க. கண்டவங்க கை வைக்கக் கூடாதுன்னு உத்தரவு."

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். முதல் தூறல் படியில் விழுந்தது.

"தொடலைப்பா," என்றாள். "நீயே தொடு. சாரல் உள்ளே அடிக்குது பாரு, முதல்ல கதவைச் சாத்து."

காவலர் சாத்தும்வரை அவள் மழையில் நின்றாள்.